பெரட்டில் இல்லாத பேர்

காலை ஆறு மணிக்குப் பெரட்டு. மழையானாலும் ஆறு மணி, தீபாவளியானாலும் ஆறு மணி.

மலாய் நாட்டுப் பாலத்தடித் தோட்டத்தில் நிஜப் பெரட்டு நின்று இருபது வருஷம் ஆகிவிட்டது. அந்த நாளில் விடியுமுன் ஆட்கள் களத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். வேலை வாங்குகிற மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "வந்தேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்காட்டுக்குப் பிரிந்து போவார்கள். அந்தக் களத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. குலை வெட்ட வருகிற வங்காளதேசத்து ஆட்கள் ஒரு பெட்டியில் கைரேகை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் கடைசி லயத்து மூன்றாவது வீட்டுக் குசினியில் தாயம்மா, அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வாய்க்கு நேரே வைத்துத் தினமும் பேரும் ஊருமாகப் பெரட்டு எடுத்தாள்.

"அமால், ரந்தாவ். மாதவி, சி ரூசா. முஹம்மது ஃபாரூக், அம்பாங்கான். புஷ்பவள்ளி, கோலா கிளாவாங்..."

மொத்தம் நாற்பத்தொரு பேர். எல்லாருக்கும் புற்றுநோய். மார், கருப்பை, தொண்டை, குடல் என்று ஆளுக்கொரு இடம். குரல் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவராக "வந்தேன்" என்று பதில் போடுவார்கள். பேச முடிந்தவர்கள் பேசுவார்கள், முடியாதவர்கள் எழுதுவார்கள். ஏழு மணிக்குள் எல்லாப் பதிலும் வந்துவிட்டால்தான் தாயம்மாவுக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

இதை அவளும் ரஷீதாவும் சேர்ந்து உண்டாக்கினார்கள். நான்கு வருஷத்துக்கு முன் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில், மருந்து ஏற்றுகிற வார்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தாயம்மாவுக்கு மார்பில், ரஷீதாவுக்குக் கருப்பையில். ரஷீதாவின் புருஷன் நஜிமுதீனுக்கு அம்பாங்கானில் சாப்பாட்டுக் கடை. கடையிலிருந்து வந்த மீன் குழம்பை மூடியைத் திறந்ததும் குமட்டி, இருவரும் ஒரே வாளியில் வாந்தி எடுத்தார்கள். அதற்கு மேல் என்ன சொந்தம் வேண்டும்.

முதலில் ரஷீதா முகநூலில்தான் ஒரு குழு திறந்தாள். பெயரிலேயே புற்றுநோய் என்று போட்டாள். ஒரு மாதத்தில் ஏழு பேர் கூடச் சேரவில்லை. "ரஷீதாம்மா, பொண்ணுக்கு வரன் பாக்குற வீட்டுல எவ இதுல பேரு குடுப்பா? நாளைக்கே அம்மாகாரிக்கு அந்த நோயாம்னு ஊரு பேசும்" என்று தாயம்மா சொன்ன பிறகுதான் வாட்சாப்புக்கு மாறினார்கள். குழுவுக்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்தாள் தாயம்மா. யார் எட்டிப் பார்த்தாலும் பழைய தோட்டத்து ஆட்கள் ஏதோ அரட்டை அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆட்கள் மளமளவென்று சேர்ந்தார்கள்.

அங்கே பேசாத பேச்சில்லை. வாய் தகரம் மாதிரி கசந்தால் என்ன சாப்பிடுவது, முடி கொட்டுமுன் மழித்துவிடலாமா, புருஷன் தள்ளிப் படுத்தால் கேட்கலாமா கூடாதா. ஃபாரூக் நாக்கு வெந்துபோயும் நக்கலை விடாத மனுஷர். எவளோ சோறு இறங்கவில்லை என்று அழுதால், "எங்க கடைச் சோத்தைச் சாப்பிட்டுப் பாரு, வாந்திக்கே பயம் வந்து ஓடிப்போயிடும்" என்பார். ரஷீதாவின் கடைக்கு எதிர்க்கடை அவருடையது.

இரண்டு சட்டம். பூப்படம் போட்டு "சீக்கிரம் குணமாகுங்கள்" என்று அனுப்பக் கூடாது. மூன்று நாள் பதில் வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்தச் சட்டத்தால் மூன்று பேர் பிழைத்தார்கள். சி ரூசா மாதவி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவள், கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். சட்டத்தால் காப்பாற்ற முடியாமல் ஆறு பேர் போனார்கள். போனவர்களின் பேரை மறுநாள் காலை கூப்பிடமாட்டாள் தாயம்மா. பேர் வெட்டுவது என்று தோட்டத்தில் சொல்வார்கள். அந்த ஆறு காலைகளிலும் அவள் பசியாறவில்லை.

இதில் ஒரு விஷயம் யாரும் கவனிக்கவில்லை. கூப்பிடுகிறவள் பேர் அந்த வரிசையில் இல்லை. மண்டோர் பேரை எந்தத் தோட்டத்திலும் பெரட்டில் கூப்பிட்டதில்லை. அவர்தான் எதிரே நிற்கிறாரே!

தாயம்மாவுக்கு இரண்டு மாதமாக முதுகுத்தண்டின் அடியில் வலி. ஸ்கேன் தேதியை இரண்டு தடவை தள்ளிவிட்டாள். அவள் புருஷன் கணேசமூர்த்தி, குலை லோரி ஓட்டுகிறவர், வாயைத் திறந்தாலே இந்தப் பேச்சுதான்.

"இன்னைக்குப் போன் போட்டுத் தேதி கேளு தாயம்மா."

"கேக்குறேங்க. இந்த வாரம் அமாலுக்கு ஆபரேசன். முடியட்டும்."

"அமாலுக்கு முடிஞ்சா ஃபாரூக்குக்கு. ஃபாரூக்குக்கு முடிஞ்சா இன்னொருத்திக்கு. ஒனக்கு எப்போ?"

"குனிஞ்சு குனிஞ்சு முப்பது வருசம் பழம் பொறுக்குன முதுகு. வலிக்காம என்ன பண்ணும்? போங்க, லோரிக்கு நேரமாச்சு."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. திரும்பி வருகிற நோய் எலும்பில் உட்காரும் என்று அந்தக் குழுவிலேயே பத்துப் பேருக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பயந்தாள், அவ்வளவுதான். நான்கு வருஷம் தாண்டிய தாயம்மாக்காவைக் காட்டித்தான் பாதிப் பேர் ஊசிக்குக் கை நீட்டினார்கள். அவளே விழுந்துவிட்டாள் என்று தெரிந்தால்?

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தூங்கிப்போனாள். முதல் நாள் வலி பொறுக்காமல் இரண்டு மாத்திரை போட்டிருந்தாள். கண் விழித்தபோது ஆறு நாற்பது. பதறிக்கொண்டு போனை எடுத்தாள். "அக்கா எங்க?", "மண்டோரம்மா லேட்டு லா, சம்பளத்த வெட்டுங்க" என்று கேலியும் கவலையுமாகப் பத்துப் பதினைந்து பேர் எழுதியிருந்தார்கள். அதற்கெல்லாம் மேலே, ஆறு பத்துக்கு, ஒரே ஒரு வார்த்தை கிடந்தது. புஷ்பவள்ளி: வந்தேன்.

தாயம்மா சிரித்துவிட்டாள். "பாருங்க இவள! நான் கூப்புடவே இல்ல, வந்தேங்கிறா. தெனமும் ஆறு பத்துக்கு டாண்ணு போடுவா. பழக்கதோசம்."

கணேசமூர்த்தி ரொட்டியைத் தேத்தண்ணியில் முக்கிக்கொண்டிருந்தார். நனைந்த ரொட்டி கையிலேயே நின்றது.

"கூப்புடாமலா?"

"ஆமாங்க."

"பேரு கூப்புடுறதுக்கு முந்தி வந்தேன்னு எவன் சொல்லுவான் தெரியுமா? அடுத்தவனுக்காகச் சொல்றவன்தான். குடிச்சிட்டு விழுந்து கெடப்பான் நம்ம கூட்டாளி. அவன் பேரு தப்பக் கூடாதேன்னு நாம கொரல் குடுப்போம். பயத்துல வாய் முந்திக்கும். ரெண்டு தடவ நானே மாட்டியிருக்கேன்."

தாயம்மா போனையே பார்த்தாள். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நேற்று ஆறு பத்து. முந்தாநாள் ஆறு பத்து. இரண்டு மாதமாக எல்லாமே எழுத்து, எல்லாமே ஆறு பத்து. அதற்கு முன்னால் புஷ்பவள்ளி பேசித்தான் அனுப்புவாள். பின்னால் சேவல் கூவும். தொண்டை கட்டியிருக்கும் என்று இவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

"அவ மரம் சீவி ஒரு வருசமாச்சுங்க. ஆறு பத்துக்கு அவளுக்கு என்ன அவசரம்? அவசரம் அவ புருசன் மாயாண்டிக்குத்தான். கித்தா மரத்துல பால் எடுக்கப் போறவரு. கித்தாக் காட்டுக்குள்ள போன் லைன் கெடைக்காதுன்னு அவ சொல்லியிருக்கா." தாயம்மாவின் குரல் கம்மியது. "ரோட்டோரமா நின்னு போட்டுட்டு உள்ள போறாரு. அவ எங்க?"

தாயம்மா போன் செய்ய, ஏழேகாலுக்கு ரஷீதாவின் பழைய விவா கார் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டது. கணேசமூர்த்தி லோரிக்கு லீவு சொல்லிவிட்டு, அவளை அங்கே வரைக்கும் மோட்டாரில் கொண்டுவந்து, தானும் காரில் ஏறிக்கொண்டார். ரஷீதா ஒரு குடுவையில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். மலைப்பாதையில் மழை பிடித்தது. வளைவுக்கு வளைவு தாயம்மா பல்லைக் கடித்தாள்.

"முதுகா அக்கா?"

"ரோடு சரியில்ல. நீ முன்னாடி பாத்து ஓட்டு."

பின் சீட்டில் கணேசமூர்த்தி கனைத்தார். 

கோலா கிளாவாங் டவுனைத் தாண்டி இரண்டு மைலில், கித்தாக் காட்டு ஓரத்தில் பலகை வீடு. கதவில் பூட்டில்லை, கயிறு கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்க்கும்போதே வாடை வந்துவிட்டது. மார்ப்புண் அழுகுகிற வாடை. வார்டில் இருந்த யாருக்கும் அது தெரியும். ரஷீதா முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், வெட்கப்பட்டு உடனே கீழே விட்டாள்.

புஷ்பவள்ளி பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். நாற்பத்து நான்கு வயசுக்காரி. கை எட்டுகிற தூரத்தில் தண்ணீர் போத்தல், நாலு பிஸ்கட். இடது மார்பில் அரைத்த இலையை அப்பி, கிழிந்த கைலித் துணியால் கட்டியிருந்தது. பச்சைச் சாறும் சீழுமாகப் பாய் நனைந்திருந்தது. ஈ மொய்த்தது.

"யாரு?"

"நான்தாம்மா. தாயம்மா."

"கொரல் தெரியுதுக்கா." புஷ்பவள்ளி சிரிக்கப் பார்த்தாள். "தெனமும் கேக்குறேன்ல. சாயங்காலம் அவரு வந்து போனப் போட்டுக் காட்டுவாரு. எம்பேரு வர்றப்போ நானும் வந்தேன்னு சொல்லிக்குவேன். மெதுவாத்தான் வரும்."

தாயம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் இவள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கேட்க ஆளில்லாமல்.  ரஷீதா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"ஊசிக்குப் போகலியா புஷ்பா?"

"மூணோட நிறுத்திட்டோம்க்கா. சாமி ஒருத்தரு இலை குடுத்தாரு. இங்கிலீசு மருந்தும் இதுவும் சேரக் கூடாதுன்னாரு. மொத மாசம் நல்லாத்தான் இருந்துச்சு."

"வலி?"

 அவள் பாயின் ஓரத்தைக் காட்டினாள். பல்லால் கடித்துக் கடித்துப் பாய் ஒரு முழத்துக்கு நைந்து போயிருந்தது.

கணேசமூர்த்தி வெளியே போய் ஆம்புலன்சுக்குப் போன் அடிக்கப் பார்த்தார். மழையில் வீட்டு முன்னால் லைன் எடுக்கவில்லை, ரோட்டு வரைக்கும் ஓடினார். அவர் திரும்பி வரும்போது பின்னாலேயே மாயாண்டி வந்தார், மழையில் மரம் சீவ முடியாமல் திரும்பியவர். ரப்பர்ப் பால் வாடை அடிக்கிற சட்டை, நெற்றியில் கட்டிய விளக்கை இன்னும் கழற்றவில்லை. உள்ளே பெண்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் மாயாண்டி?" என்றாள் தாயம்மா. கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள், கத்த வரவில்லை. "ரெண்டு மாசமா ஏன் நீங்க பதில் போட்டீங்க? நீங்க போடாம இருந்திருந்தா மூணாம் நாளு நாங்க வந்து நின்னுருப்போம்ல?"

"அதுக்குத்தான்க்கா போட்டேன்."

"என்ன?"

"வந்தா திட்டுவீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. சாமி மருந்து பாதியில நின்னா உசுருக்கு ஆபத்துன்னு சொல்லியிருந்தாரு. கொணமானதும் அவளையே பேச வெச்சு எல்லாத்தையும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"பொய்தானே அது?"

"பொய்னு நெனைக்கலக்கா. தோட்டத்துல ஒருத்தன் படுத்துட்டா பக்கத்து வீட்டுக்காரன் வந்தேன்னு சொல்லுவான். அவன் பேரு நிக்கட்டும்னு. எங்கப்பாவுக்கு அப்படி எத்தன பேரு சொல்லியிருக்காங்க. அது உபகாரம்தானேக்கா?"

"அங்க சம்பளத்துக்குக் கூப்புட்டான் மாயாண்டி. நான் உசுருக்குக் கூப்புடுறேன்."

அவர் நெற்றி விளக்கைக் கழற்றினார். பகலிலும் அது எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வாட்டி கேட்டேன்" என்றார், ரஷீதாவைப் பார்க்காமல். "குரூப்புலதான் கேட்டேன். இலை மருந்து குடுக்கலாமா, கூடவே ஊசியும் போடலாமான்னு. இலை வேணும்னா ஆட்டுக்குப் போடுங்கன்னு எழுதுனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நான் எழுதுனதையே காணோம், அழிச்சிட்டீங்க. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

ரஷீதாவுக்கு அது நினைவே இல்லை. முள்ளுச்சீத்தா இலை, பப்பாளி இலை, ஆட்டு மூத்திரம் என்று வாரத்துக்குப் பத்து வரும். பத்தையும் அழிப்பாள். பொய் வைத்தியத்தால் யாரும் சாகக் கூடாது என்றுதான் அழித்தாள். அதில் ஒன்று நிஜமாகவே கேட்ட கேள்வி.

"அண்ணே..." என்றாள்.  எழுந்து பின்கட்டுக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தாயம்மா அவளைத் தேற்றப் போகவில்லை. ஆட்டு வார்த்தைக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

ஆஸ்பத்திரி இரண்டே மைல் தூரம்தான். மலாய் டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துப் பார்த்தாள். நோய் ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அது மட்டும்தான் என்றாள். முன்பே வந்திருந்தால் என்று மாயாண்டி கேட்டார். டாக்டரம்மா, இரண்டு மாதமாக வலிக்கு எதுவுமே தரவில்லையா என்று மட்டும் கேட்டாள். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

மோர்ஃபின் ஏறி அரைமணி நேரத்தில் புஷ்பவள்ளியின் முகத்தில் கோடு கோடாக இருந்த இறுக்கம் தளர்ந்தது. ஆசுவாசமாக மூச்சு விட்டாள். தாயம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"அக்கா, எம்பேர வெட்டிடாதீங்க."

"நான் ஏன் வெட்டப் போறேன்?"

"ஒங்க பேரு அதுல இல்லியேக்கா. ஒவ்வொரு நாளும் கேட்டுப் பாப்பேன். எல்லாப் பேரும் வரும், ஒங்க பேரு வராது. ஒங்கள யாருக்கா கூப்புடுறது?"

"நான் மண்டோரும்மா. மண்டோர யாரு கூப்புடுவா?"

"மண்டோருக்கு வலிக்காதா?"

தாயம்மா சிரித்து மழுப்பினாள். கட்டில் காலருகே நின்ற ரஷீதா சிரிக்கவில்லை. காலையிலிருந்து வளைவுக்கு வளைவு இவள் பல்லைக் கடித்ததையும், நாற்காலியில் உட்காரும்போது ஒருபக்கமாகச் சரிந்ததையும் அவள் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தியைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

புஷ்பவள்ளி வெள்ளிக்கிழமை மத்தியானம் போனாள். தூக்கத்திலேயே போனாள், அந்தமட்டுக்கும் புண்ணியம். மூன்று நாள் வலியில்லாமல் இருந்தாள். அறுபது நாள் வலியோடு கிடந்ததற்கு அது ஈடாகாது. சனிக்கிழமை எடுத்தார்கள். பெரட்டிலிருந்து பதினேழு பேர் வந்திருந்தார்கள், பலரும் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஃபாரூக் குடை பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் வாய் திறக்காமல் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கே தாயம்மா எழுந்துவிட்டாள். தண்ணீரை அடுப்பில் வைத்தாள். புஷ்பவள்ளி பேரைக் கூப்பிடுவதா விடுவதா என்று நேற்றிலிருந்து மனசுக்குள் வழக்கு. வெட்டாதே என்று கேட்டவள் பேரை எப்படி வெட்டுவது. கூப்பிட்டால் யார் பதில் சொல்வது. போனைக் கையில் எடுத்தாள். ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது.

அதற்குள் போன் கத்தியது. குழுவில் ரஷீதாவின் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ரஷீதா. இன்னைக்குப் பெரட்டு நான் எடுக்குறேன். மொதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன். ஒருத்தரு கேட்ட கேள்விய நான் கேலி பண்ணி அழிச்சேன். அதுக்கு அல்லா என்னைக் கேப்பான். இனிமே எதையும் அழிக்க மாட்டேன். என்ன வேணும்னாலும் கேளுங்க, இலையோ தாயத்தோ, பேசிக்கலாம். இன்னொண்ணு. கொரல்லதான் பதில் வரணும். அவங்கவங்க கொரல்ல. முடியலன்னா முனகுங்க, போதும். வேற யாரும் சொல்லக் கூடாது. இப்போ மொதப் பேரு." ரஷீதா நிறுத்தினாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. "தாயம்மா, பாலத்தடித் தோட்டம்."

குசினியில் தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. தாயம்மா அசையவில்லை. நாலு வருஷத்தில் அவள் பேரை அந்தப் போனில் யாரும் கூப்பிட்டதில்லை. கணேசமூர்த்தி எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் போனை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தார்.

"நான் வேணும்னா சொல்லிடட்டுமா? வந்தேன்னு?"

"நீங்க சொல்லக் கூடாதுங்க" என்றாள். போனை இழுத்து வாயருகே வைத்தாள். 

"வந்தேன்" என்றாள். விரலை எடுக்கவில்லை. "முதுகுல வலி. ரெண்டு மாசமாச்சு. எலும்புன்னு நெனைக்கிறேன். ஸ்கேனுக்கு ரெண்டு வாட்டி போகல. ஒங்கக்கிட்டயெல்லாம் போ போன்னு சொல்லிட்டு நான் போகல. பயமா இருக்கு."

விரலை எடுத்தாள். குரல் போய்ச் சேர்ந்தது. நாற்பது பேரும் கேட்டார்கள் என்று நீலக் குறி வந்தது. ஒருவரும் பேசவில்லை. அவள் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்தாள். 

ஆறு பத்துக்கு ஒரு குரல் வந்தது. புஷ்பவள்ளி என்றுதான் பேர் காட்டியது. ஆண் குரல். அந்தக் குழுவில் அது பேசியதே இல்லை. பின்னால் சேவல் கூவியது.

"அக்கா, நான் மாயாண்டி. நானே வந்து ஒங்கள ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா எங்கது எழவு வீடு, பதினாறு முடியாம ஒடம்பு முடியாதவங்க வீட்டுப் படி நான் ஏறக் கூடாது. பக்கத்துல இருக்குறவங்க யாராச்சும் போங்க." குரல் உடைந்தது. "மூணு நாளெல்லாம் பாக்காதீங்க. இன்னைக்கே போங்க."